டஸ்கனியின் வெள்ளைச் சாலைகளில் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் சியெனா நகரைச் சுற்றிச் சுண்ணாம்பு நிறத்தில் மண்சாலைகள் ஓடுகின்றன. திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோப்பு, கோதுமை வயல், வரப்போரம் வரிசையாக சைப்ரஸ் மரங்கள். மண்சாலைக்கென்றே செய்யப்பட்ட கிராவல் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது ஓட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படும் 'ஸ்த்ராதே பியாங்கே' (வெள்ளைச் சாலைகள்) இவைதான். இந்தச் சாலைகள் தார் போட்டு மூடப்பட்டுவிடக் கூடாது என்ற கவலையில்தான் 1997-ல் கையோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் ஜான்கார்லோ புரோச்சி 'லெரோய்க்கா' ஓட்டத்தைத் தொடங்கினார். அதில் 1987 அல்லது அதற்கு முந்தைய சைக்கிள்களுக்குத்தான் இடம். 2007 முதல் அதே சாலைகளில் தொழில்முறை வீரர்களின் பந்தயமும் நடக்கிறது. லெரோய்க்காவின் 209 கி.மீ. பாதைக்கு நிரந்தரமாகவே வழிகாட்டிப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். பதிவு, கட்டணம் எதுவுமின்றி யாரும் எந்த நாளிலும் ஓட்டலாம்.

படங்களில் எல்லாம் மென்மையான மேடுபள்ளமாகத் தெரியும். முதல் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'பெரிய மலை ஒன்றும் இல்லையே, ஒரு நாளைக்கு 120 கி.மீ. போய்விடலாம்' என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த 209 கி.மீ. பாதையில் மொத்த ஏற்றம் 3,500 மீட்டரைத் தாண்டும். இங்கே ஒரே மலையை ஏறி முடித்துவிட்ட நிம்மதி கிடைக்காது. ஐம்பது மீட்டர் ஏறி, ஐம்பது மீட்டர் இறங்கி, பாலத்தைத் தாண்டியதும் மறுபடி ஏற வேண்டும். நாள் முழுக்க இதேதான். சில மேடுகளின் சரிவு 15 சதவீதத்துக்கும் மேல், அதுவும் உதிரிக் கல்லின் மீது. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தே மிதிக்கத்தான் சின்ன கியர் தேவைப்படுகிறது. முன்பல்சக்கரத்திலும் பின்பல்சக்கரத்திலும் பற்களின் எண்ணிக்கை ஒன்றுக்கு ஒன்று என்ற அளவிலாவது வேண்டும், அதைவிட லேசாக இருந்தால் இன்னும் நல்லது. தார்ச்சாலையில் 100 கி.மீ. சாதாரணமாக ஓட்டுபவர் இங்கே 60, 70 கி.மீ. என்று திட்டமிடுவதே சரி.

அடுத்தது டயர். பந்தய வீரர்கள் 28 முதல் 32 மி.மீ. டயரில் பறப்பதைப் பார்த்து அதையே கேட்டு வாங்குகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் உதிரிச் சக்கரத்தோடு கார் வருகிறது, நமக்கு வராது. 40 மி.மீ. ட்யூப்லெஸ் டயர் வசதியாக இருக்கும். எடை 70 கிலோ என்றால் 30 முதல் 35 பிஎஸ்ஐ காற்று போதும். கல்லாட்டம் காற்றடித்த டயரோடு கிளம்பினால் மாலையில் மணிக்கட்டு வலி சொல்லிவிடும்.

இறக்கத்தில் கார் சக்கரம் போன தடம் இறுகிக் கிடக்கும். இரண்டு தடங்களுக்கு நடுவிலும், வளைவின் வெளிப்பக்கத்திலும் கல் குவிந்திருக்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிப்பதுதான் பெரும்பாலானோர் விழுவதற்குக் காரணம். நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வாடகை சைக்கிள் எடுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஐரோப்பாவில் பெரும்பாலும் இடக்கை லீவர்தான் முன்பிரேக்; நம் ஊரில் பழகியது வலக்கை. கடை வாசலிலேயே நாலு தடவை பிடித்துப் பாருங்கள், முடிந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மண் முடிந்து தார் வந்ததும் அசந்துபோவதும் ஆபத்து. இதே சாலைகளில் நடந்த 2025 தொழில்முறைப் பந்தயத்தில் ஸ்லோவேனிய வீரர் போகாச்சர் வேகமாகச் சறுக்கி விழுந்தது மண்ணில் அல்ல, தார் இறக்கத்தில். அவர் எழுந்து ஓட்டி ஜெயித்தும் விட்டார், அது வேறு கதை.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, இந்தப் பகுதி முழுவதும் ஒரே நிலம் என்று நினைப்பது. சியெனாவுக்கு வடக்கே கியாந்தி. அங்கே தரை பாறையும் சுண்ணாம்புக்கல்லும் கலந்தது. 'கலெஸ்த்ரோ', 'அல்பெரேஸே' என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் அந்தக் கல் மண்ணில்தான் கியாந்தி கிளாசிக்கோ ஒயினுக்கான திராட்சை விளைகிறது. தண்ணீர் நிற்காது, காடும் நிழலும் உண்டு. தென்கிழக்கே அஷ்யானோ பக்கம் போனால் 'கிரெத்தே செனேஸி'. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த இடம், அத்தனையும் களிமண். திராட்சை குறைந்து கோதுமையும் மேய்ச்சலும் வருகின்றன, கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத மேடுகளும் உண்டு. ஆக, ஒரே மழை இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக வேலை செய்யும். காலையில் பெய்த மழைக்கு மதியமே கியாந்தியில் சாலை ஓட்டும்படி ஆகிவிடலாம். கிரெத்தேயில் ஜல்லி போட்ட சாலைகள் சமாளிக்கும், ஆனால் வயலுக்குள் போகும் டிராக்டர் தடத்தில் இறங்கினால் இட்லி மாவு கரண்டியில் ஒட்டுவதுபோலக் களிமண் டயரில் அப்பிக்கொள்ளும். சைக்கிள் சட்டகத்துக்கும் டயருக்கும் இடையில் அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். பிறகு சைக்கிளைத் தள்ளக்கூட முடியாது, தூக்கித்தான் நடக்க வேண்டும். மழைக்கு மறுநாள் வடக்கே போங்கள். காய்ந்த பின் தெற்கே வாருங்கள். அட்டவணையை முன்கூட்டியே கல்லில் செதுக்கி வைத்துக்கொண்டால் இதைச் செய்ய முடியாது.

கோடையில் அதே களிமண் நிலம் வேறு விதமாகச் சோதிக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தொடும். நமக்கு என்ன, சென்னை வெயிலைப் பார்த்தவர்கள்தானே என்று தோன்றும். ஆனால் 11.5 கி.மீ. நீளும் மோந்தே சாந்தே மரியே மண்பாதையில் பண்ணை வீடுகளைத் தவிர வேறெதுவும் இல்லை, டீக்கடையைத் தேடாதீர்கள். கிராமத்துக் கடைகள் மதியம் ஒரு மணி வாக்கில் மூடி நாலு மணிக்கு மேல்தான் திறக்கும், இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைப்பது அபூர்வம். இரண்டு பாட்டில் தண்ணீரும், பையில் சாப்பிட ஏதாவதும் எப்போதும் இருக்கட்டும். ஊர்ச் சதுக்கத்துக் குழாயில் நல்ல தண்ணீர் வரும். அது இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே உள்ள கல்லறைத் தோட்டத்துக் குழாயில் இத்தாலிய சைக்கிள்காரர்கள் பாட்டிலை நிரப்புவார்கள், தயங்க வேண்டாம். 'நோன் போத்தாபிலே' (குடிக்க ஏற்றதல்ல) என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர் ஆகியவை நல்ல காலம். லெரோய்க்கா நடக்கும் அக்டோபர் முதல் ஞாயிறையொட்டி கையோலேயில் அறை தேடுவது மட்டும் வீண்வேலை.

பாதையை முழுக்க செயலியிடம் ஒப்படைப்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். குறுக்குவழி என்று அது காட்டும் கோடு ஏதோ ஒரு தோட்டத்தின் பூட்டிய கேட்டில் முடியும், அல்லது காட்டுப்பன்றிக்காகப் போட்ட மின்வேலியில். திராட்சை வரிசைகளுக்கு நடுவே ஓட்டுவது படத்துக்கு அழகு, ஆனால் அது ஒருவருடைய விளைநிலம். அறுவடை நாட்களில் திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் வரும்போது ஒதுங்கி நின்று வழிவிடுவதே மரியாதை.

பியென்சா பக்கம் ஆட்டு மந்தைகள் உண்டு, பெக்கொரினோ சீஸ் அங்கே பெயர்பெற்றது. மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் வேகமாக மிதித்துத் தப்பப் பார்க்காதீர்கள், ஓடுவதைத் துரத்துவது அவற்றின் பழக்கம். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை வைத்து, மெதுவாக நடந்தே கடந்துவிடுங்கள். இலையுதிர் காலம் முதல் ஜனவரி வரை வேட்டைப் பருவம். இத்தாலியச் சட்டப்படி செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்குத் தடை, எனவே காட்டுப்பாதைகளை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு பெரிய சாலையிலேயே போகலாம்.

கடைசியாக ஒயின். வழியில் தென்படும் தோட்டத்தில் எல்லாம் நுழைந்து சுவைத்துப் பார்க்கலாம் என்று வருகிறார்கள். பெரும்பாலான இடங்களில் முன்பதிவு கேட்பார்கள். வெயிலில் 40 கி.மீ. மிதித்து, தண்ணீர் வற்றிய உடம்பில் மூன்று கோப்பை உள்ளே போனால் அடுத்த இறக்கம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சுவைத்துவிட்டுத் துப்புவது அங்கே சர்வசாதாரணம், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற ஆல்கஹால் வரம்பு சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும், போலீஸ் நிறுத்தினால் 'சைக்கிள்தானே' என்ற வாதம் எடுபடாது. ஒயின் சுவைப்பதை அன்றைய ஓட்டத்தின் கடைசி நிறுத்தமாக, முடிந்தால் தங்கும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.