வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள்

போன மாதம் கோடியக்கரையில் காட்டு விலங்குகளைப் படம் எடுக்க வந்த இரண்டு தம்பிகளைப் பார்த்தேன். விடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளிமான் கூட்டம் மேய்கிறது, அதற்குப் பின்னால் சூரியன். "அண்ணே, வண்டியை அந்தப் பக்கம் விடுங்க, இங்க எதிர்வெயில்" என்றார்கள். வண்டி சுற்றி வருவதற்குள் மான்கள் நாலு துள்ளலில் மறைந்துவிட்டன. பல வருடங்களுக்கு முன் அதே இடத்தில் நானும் இதைத்தான் செய்தேன்.

சார்ஜ் போடாத பேட்டரி, மறந்துபோன மெமரி கார்டு பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் போதும். வெளிச்ச விஷயத்தில் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சூரியனை எப்போதும் முதுகுக்குப் பின்னால் வைப்பது

கல்யாண வீட்டில் இருபது பேரை வரிசையாக நிறுத்தி எடுக்க இது சரி. காட்டில் இதுதான் படத்தைக் கொல்கிறது. வெளிச்சம் நேராக விழுந்தால் நிழல் மானுக்குப் பின்னால் போய்விடும். உடம்பின் மேடுபள்ளம் தட்டையாகிவிடும். அன்றைக்கு நான் சுற்றிப்போய் எடுத்த படத்தில் மானின் மயிரெல்லாம் எண்ணலாம், ஆனால் ஆதார் அட்டைப் படம் மாதிரி இருந்தது. கூட வந்து, நகராமல் நின்ற நண்பன் எடுத்ததில் மான் கருநிழல்தான். முறுக்கிய கொம்பின் ஓரத்தில் மட்டும் பொன்னிழை, குளம்படியில் எழுந்த தூசியும் பொன். அதை அவன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான். போகும்போதெல்லாம் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

எதிர்வெயிலில் எடுக்கும்போது பின்னணியைப் பாருங்கள். பின்னால் சீமைக்கருவேலம் புதர் இருட்டாக இருந்தால் ஒளிவிளிம்பு எடுப்பாகத் தெரியும். ஆனால் இருட்டைப் பார்த்ததும் கேமரா எல்லாவற்றையும் வெளுப்பாக்கப் பார்க்கும், விளிம்பு வெந்துபோகும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒன்று, ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி). பின்னால் வானம் என்றால் கருநிழலாகவே விடுங்கள். நாலு காலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், தலை பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். அப்புறம், லென்ஸ் முனையில் வெயில் மறைக்க மாட்டும் லென்ஸ் ஹூட்டைப் பையிலேயே வைத்திருக்காதீர்கள்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்

நிறத்தைக் கேமராவே சரிசெய்துகொள்ளும் அமைப்பு இது. காலைச் செம்மையைக் கோளாறு என்று நினைத்துத் திருத்திவிடும். டேலைட் (பகல் வெளிச்சம்) அமைப்பில் வையுங்கள். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் அப்புறம் மாற்றலாம்தான். ஆனால் திரையில் வெளிறிப்போன படத்தைப் பார்த்து, இன்றைக்கு வெளிச்சம் சரியில்லை என்று கிளம்பிவிடுகிறார்கள்.

மேகம் என்றதும் மூட்டை கட்டுவது

வால்பாறையில் சிங்கவால் குரங்கைச் சுள்ளென்ற வெயிலில் எடுத்துப் பாருங்கள். கரிய உடம்பைக் காப்பாற்றினால் முகத்தைச் சுற்றிய வெள்ளிப் பிடரி வெளுத்துவிடும், பிடரியைக் காப்பாற்றினால் உடம்பு வெறும் ஓட்டை. மேகமூட்டத்தில் இரண்டும் நிற்கும், ஈரத்தில் நனைந்த சோகமும் சேர்ந்து வரும்.

கணினியில் நிழலைத் தூக்கி வெளிச்சமாக்குவது

கையை எடுங்கள்.

தேவாங்குக்கு ஃபிளாஷ்

வேண்டவே வேண்டாம்.