‘அவர்கள் அழைக்கிறார்கள்’: ஒரு பிரெஞ்சு வினையை அசை பிரித்து ஒலிக்கும் முறை

பிரெஞ்சில் ‘அழை’ எனப் பொருள்படும் வினையின் நிகழ்காலப் படர்க்கைப் பன்மை வடிவத்தை ஏ, பி, பி, ஈ, எல், எல், ஈ, என், டி என்று எழுதுவார்கள்.

முதலில் எழுத்தளவில் பிரியுங்கள். இரட்டித்த மெய்யின் நடுவே வெட்டுவது விதி என்பதால் மூன்று துண்டுகள் வரும். ஆனால், இந்தப் பிரிப்பு வரியின் கடைசியில் சொல்லை உடைப்பதற்கே உதவும், வாய்க்கு உதவாது.

அடுத்து, ஒலிக்காதவற்றை அடித்துவிடுங்கள். கடைசி மூன்று எழுத்துகளும் இங்கே ஊமை. இரட்டை மெய்கள் ஒற்றையாகவே ஒலிக்கும். மிஞ்சுவன ‘அ’, ‘பெல்’ என்னும் இரண்டு அசைகளே.

நான் நெடுநாள் தவறியது இந்த இடத்தில்தான். குறிப்பேட்டில் ‘அப்பெல்’ என்று எழுதி வைத்ததால், ‘அப்பா’ என்பதில் போல உதடுகளை அழுத்தி நிறுத்தினேன்; ‘அபெல்’ என்று திருத்தியபோதோ, ‘சபை’ என்பதில் வரும் மெல்லிய ஒலி வந்துவிட்டது. உதடுகள் ஒட்டியவுடன் அதிர்வின்றிப் பிரிய வேண்டும். ஆகவே, தமிழெழுத்தில் குறிப்பதை விட்டுவிட்டு, பன்னாட்டு ஒலிக்குறிகளைக் கற்றுக்கொள்வதே நல்லது. பிரெஞ்சு விக்சனரி என்னும் இணைய அகராதி அசையெல்லையைப் புள்ளியிட்டுக் காட்டுவதால், இயந்திரக் குரல்களைவிட அதையே நான் விரும்புகிறேன்.

மூன்றாவதாக, முன்னால் வரும், ‘அவன்’ அல்லது ‘அவர்கள்’ எனப் பொருள்படும் ‘இல்’ என்ற பிரதிப்பெயரைச் சேருங்கள். ஒருமையில், கடலும் அலையும் ‘கடலலை’ ஆவதைப் போல, லகரம் அடுத்த உயிரோடு கூடி ‘இ–ல–பெல்’ ஆகும். பன்மையில் அப்பெயரின் இறுதியிலுள்ள எஸ், தேனீயின் இரைச்சல் போல அதிரும் ஸகரமாகி ‘இல்–ஸ–பெல்’ என்று ஒலிக்கும். ஒருவரா பலரா என்பதைக் காதுக்குச் சொல்வது இந்த ஓர் ஒலி மட்டுமே.

‘நாங்கள் அழைக்கிறோம்’ என்பதில் விகுதி ஒலிப்பதால் ஓர் எல் போதும். நடுவிலுள்ள ஈ பேச்சில் விழுந்துவிட, ‘நு–ஸ–ப்லோன்’ என்றாகும். இறுதியில் நாக்கு மேலே தொடாமல், ஓகாரம் மூக்கின் வழியாகவும் வரவேண்டும். நிகழ்காலத்தில் விகுதி ஊமையானால் இரண்டு எல், ஒலித்தால் ஒன்று என்று நினைவில் வையுங்கள். 1990ஆம் ஆண்டின் எழுத்துத் திருத்தம் இத்தகைய பல வினைகளில் இரட்டிப்பை நீக்கியபோதும், ‘அழை’, ‘எறி’ ஆகிய வினைகளின் குடும்பங்களை விட்டுவைத்தது.

பிற்சேர்க்கை: ‘அழைத்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதன் விகுதியையும் சிலர் முழுவதுமாக விழுங்கிவிடுகிறார்கள் என்று தெரிந்தது. அங்கேயும் ஈ, என், டி ஊமைதான். ஆனால், அவற்றுக்கு முன்னுள்ள ஏ, ஐ இரண்டும் சேர்ந்து எகரமாக ஒலிப்பதால், ‘இல்–ஸ–ப்லெ’ என்று சொல்ல வேண்டும்.