தோட்டத்து மண்சாலையில் ஓடும் வண்டிக்கு, எடுத்துச் செல்லக்கூடிய கம்ப்ரஸரை அமைக்கும் முறை

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா, ஜாலோங் பக்கமுள்ள தோட்டங்களுக்குள் நான்கு சக்கர இயக்க வண்டியை ஓட்டிச் செல்பவர்களுக்கு, காற்று இரண்டு காரணங்களுக்காகக் கையோடு இருந்தாக வேண்டும். மழைக்குப் பிறகு செம்மண் சாலையில் டயரின் காற்றை 18 அல்லது 20 பவுண்டுக்கு (psi, அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) குறைத்தால், டயர் அகலமாகப் படிந்து சேற்றில் நல்ல பிடி கிடைக்கும். ஆனால் தார்ச்சாலையில் ஏறியதும் 32 பவுண்டுக்கு, அதாவது சுமார் 220 கிலோபாஸ்கலுக்கு, அல்லது உங்கள் வண்டியின் கதவோரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் அளவுக்கு, மீண்டும் ஏற்றிவிட வேண்டும். காற்று குறைந்த டயர் வேகமாக ஓடும்போது அதன் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறி வெடிக்கக்கூடும். இரண்டாவது காரணம் செம்பனை மட்டை. வெட்டிப் போட்ட மட்டையின் அடிப்பகுதி முட்கள் டயரைத் துளைத்துவிட்டால், ஓட்டையை நீங்களே அடைத்துவிடலாம். காற்றுக்கு எங்கே போவது?

கம்ப்ரஸரை, அதாவது காற்றை அழுத்தி ஏற்றும் மோட்டார் பம்பை, எஞ்சின் அறைக்குள் நிரந்தரமாகப் பொருத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்குள்ள வெப்பம் கம்ப்ரஸரின் ஆயுளைக் குறைக்கும். மேலும் வாரநாளில் தோட்டத்து பிக்கப்பையும் விடுமுறையில் சொந்த வண்டியையும் ஓட்டுபவர்கள் நம்மில் பலர். ஆகவே 12 வோல்ட் கம்ப்ரஸர், சிறிய காற்றுத் தொட்டி, அழுத்த சுவிட்ச், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கி நிறுத்தும் சுவிட்ச்) ஆகியவற்றை ஒரே தடித்த பலகையில் பூட்டி, பெட்டிக்குள் வைத்து, வண்டியின் பின்புறத்தில் ஒரு ஆண்டர்சன் பிளக் (அதிக மின்சாரம் தாங்கும், சொருகிக் கழற்றும் இணைப்பு) மூலம் மின்சாரம் கொடுப்பதே நம் தேவைக்குப் பொருத்தமானது. இரண்டு வண்டியிலும் ஒயரும் பிளக்கும் மட்டும் இருந்தால் போதும், பெட்டி ஒன்றே இரண்டுக்கும் உதவும்.

வாங்கும்போது பலர் தொட்டியின் அளவைப் பார்த்தே மயங்குகிறார்கள். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 10 லிட்டர் தொட்டியில் அழுத்தம் 120 பவுண்டிலிருந்து 90 பவுண்டுக்கு இறங்கும்போது நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 20 லிட்டர் சாதாரணக் காற்றுதான். ஒரு பிக்கப் டயரின் உட்கொள்ளளவு சுமார் 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை 18 பவுண்டிலிருந்து 32 பவுண்டுக்கு ஏற்ற 57 லிட்டர் காற்று வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்து 230 லிட்டர். இந்த வேலையைச் செய்யப்போவது கம்ப்ரஸரே தவிர தொட்டி அல்ல. ஆகவே பணத்தை முதலில் கம்ப்ரஸரில் போடுங்கள். அட்டையில் அச்சிட்டிருக்கும் 'நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்' என்பது பெரும்பாலும் எதிரழுத்தமே இல்லாதபோது அளந்தது என்பதால், 30 பவுண்டு அழுத்தத்தில் எவ்வளவு தருகிறது என்று கேட்டு வாங்குங்கள். எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடலாம், எவ்வளவு நேரம் ஓய்வு தர வேண்டும் என்பதையும் கேளுங்கள். ரிம்மிலிருந்து கழன்ற டயரைத் திரும்ப உட்காரவைக்கும்போதுதான் தொட்டியின் அருமை தெரியும், ஏனெனில் அப்போது தேவைப்படுவது ஒரே மூச்சில் பாயும் காற்று. அதற்காக டயருக்குள் 40 பவுண்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. பெட்ரோல் ஊற்றித் தீ வைத்து டயரை உட்காரவைக்கும் வழக்கத்தை எக்காரணம் கொண்டும் கையாள வேண்டாம்.

இந்த அமைப்பு உருப்படுவதும் கெடுவதும் ஒயரில்தான். நல்ல கம்ப்ரஸர் ஒன்று 30 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் சிகரெட் சாக்கெட்டில் சொருகினால் அதன் ஃபியூஸ் போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகவே எடுக்க வேண்டும். பிக்கப்பின் முன்னாலிருந்து பின்னால் வரை 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர் ஒயர். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைப் போட்டால் 30 ஆம்பியரில் ஏறத்தாழ 0.9 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். மோட்டார் தளர்ந்து ஓடும், சூடேறும். 16 சதுர மில்லிமீட்டராக இருந்தால் இழப்பு ஏறத்தாழ 0.33 வோல்ட்டாகக் குறையும். விலை கூடினாலும் இதையே வாங்குங்கள். வெளியில் தடித்த உறையும் உள்ளே மெல்லிய செம்பும் உள்ள மலிவு ஒயர்கள் விற்கப்படுவதால், நுனியைச் சீவி உள்ளிருக்கும் செம்பைக் கண்ணால் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

ஃபியூஸை பேட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பொருத்த வேண்டும். 30 ஆம்பியர் மோட்டாருக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் காப்பாற்றுவது கம்ப்ரஸரை மட்டுமல்ல, வழியெங்கும் ஓடும் ஒயரையும்தான். வண்டியின் உடலில் உரசி உறை கிழிந்தால் அதுவே தீயைத் தடுக்கும். ஒயரை நெளிகுழாய்க்குள் செலுத்தி, சைலன்சரிலிருந்தும் சுழலும் தண்டிலிருந்தும் விலக்கி, சேசிஸ் ஓரமாகக் கொண்டு சென்று, தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் இடுங்கள்.

அழுத்த சுவிட்சின் வழியாக மோட்டாரின் முழு மின்சாரத்தையும் விடாதீர்கள். அதன் முனைகள் கருகிவிடும். கைசுவிட்ச், அழுத்த சுவிட்ச் இரண்டையும் வரிசையில் இணைத்து, அவை ரிலேயின் சுருளை மட்டும் இயக்கும்படி செய்ய வேண்டும். மோட்டாருக்கான மின்சாரம் 40 ஆம்பியர் ரிலே வழியாகவே போகட்டும். 90 பவுண்டில் இயங்கத் தொடங்கி 120 பவுண்டில் நிற்கும் சுவிட்ச் நமக்குச் சரியானது. பாதுகாப்பு வால்வு 150 பவுண்டில் திறப்பதாக இருந்தால், தொட்டியின் தகட்டில் பொறித்த அழுத்த அளவு 150-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த வால்வைத் தொட்டியிலேயே நேராகத் திருக வேண்டும், இடையில் எந்தக் குழாயோ அடைப்போ இருக்கக் கூடாது. அழுத்தப்பட்ட காற்றுக்கு பிவிசி குழாயை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது உடைந்தால் சில்லு சில்லாகச் சிதறிப் பாயும்.

கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் காற்று கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும் என்பதால், முதல் அரை மீட்டருக்கு எஃகு வலை பின்னிய குழாய் வேண்டும். அதன் முடிவில், தொட்டிக்கு முன்னால், காற்று திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு வரும். இணைப்புகளைத் திருகும்போது மரையைக் கவனியுங்கள். கால் அங்குல அமெரிக்க மரையில் அங்குலத்துக்கு 18 வரி, பிரிட்டிஷ் மரையில் 19 வரி. இரண்டும் முதல் சில சுற்றுகள் இணங்கிப் போவதுபோல் திருகும், பிறகு இறுகி நின்று மரையைக் கெடுத்துக் கசியத் தொடங்கும். நம் ஊர் இரும்புக் கடைகளில் இரண்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். ஆகவே தொட்டியின் உதிரிப் பாகம் ஒன்றைக் கையில் கொண்டுபோய் ஒத்துப் பார்த்தே வாங்குங்கள். டெஃப்லான் டேப்பை மரை திருகும் திசையிலேயே சுற்றி, நுனியில் ஒரு வரியை வெறுமையாக விடுங்கள். இல்லாவிட்டால் பிய்ந்த துணுக்கு வால்வுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

பெட்டியைப் பின்புறம் வைத்து, அவசரமாக பிரேக் போட்டாலும் முன்னால் பாயாதபடி தரையின் கொக்கிகளில் பெல்ட்டால் இறுக்குங்கள். காற்று உள்ளிழுக்கும் வடிகட்டி, செம்மண் தூசி படியாத உயரத்தில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கம்ப்ரஸரை இயக்க வேண்டும், அதையும் திறந்த வெளியில் செய்யுங்கள்.

முதல் முறை நிரப்பியதும், எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே அந்த இணைப்பைத் திருகுங்கள். நிறுத்திவைத்து ஓர் இரவு கழித்து அளவுகோலைப் பார்த்தால் மெல்லிய கசிவும் தெரிந்துவிடும்.

நம் காற்றிலுள்ள ஈரத்தால் எந்தத் தொட்டியிலும் நீர் தேங்கும். ஆகவே வடிகால் வால்வு தொட்டியின் அடியில், கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும், சிறிது அழுத்தம் இருக்கும்போதே அதைத் திறந்தால், பழுப்பு நிற நீர் சீறி வெளியேறும். அந்த நிறம் அடர்ந்துகொண்டே போனால் உட்புறம் துருப்பிடிக்கிறது என்று பொருள். அப்போது தொட்டியை மாற்றிவிடுவது நல்லது. ஆள் ஏற்றிச் செல்லும் நாட்களில் தொட்டியைக் காலியாக வைத்துச் செல்லுங்கள். நீண்ட காலம் பயன்படுத்தாவிட்டால் வடிகால் வால்வைத் திறந்தே விட்டுவிடுங்கள்.