கத்திரி வெயிலும் தாவர உணவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை பிறந்ததும் புதுச்சேரியில் தாவர உணவுக்கு மாற நினைப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். வெயிலில் கறியும் மீனும் திகட்டிப்போவது ஒரு காரணம். தெருவெல்லாம் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் வந்து குவிவது இன்னொன்று. முத்தியால்பேட்டையில் என் வீட்டு அடுக்களையில் சனிக்கிழமைகளில் நடக்கும் வகுப்புக்குக் கடலூரிலிருந்துகூடப் பஸ் ஏறி வருகிறார்கள். பால், தயிர், நெய் இல்லாமல் எளிய சாப்பாடு சமைப்பதுதான் பாடம். ஆர்வத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் அதே தவறுகள் திரும்பி வருகின்றன. பெரும்பாலானவை ஆரம்பத்தில் நானும் செய்தவை என்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடுகிறது. உப்புக் கூடுவது, அடிப்பிடிப்பது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை கைப்பழக்கத்தில் சரியாகிவிடும்.

பருப்பு சூடு என்று நிறுத்திவிடுவது

என்னை இன்றும் கோபப்படுத்தும் தவறு இதுதான். மற்றவை ஒரு வேளைச் சாப்பாட்டைக் கெடுக்கும். இது முயற்சியையே கெடுத்துவிடும்.

'உடம்புக்குக் குளிர்ச்சி' என்ற ஒரே எண்ணத்தில் துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, காராமணி, மல்லாட்டை (நிலக்கடலை) எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிடுகிறார்கள். அந்த இடத்தில் தர்பூசணி, கிர்ணிப்பழம், வெள்ளரிக்காய், இளநீர் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. முதல் சில நாட்கள் உடம்பு இலேசானதுபோல் தெரியும். பிறகு தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல், சாயங்காலமானால் கைநடுக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெண் ஒருத்தி, புதுச்சேரியில் வேலை பார்ப்பவள், வகுப்புக்கு நடுவில் அம்மிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"காலையில் என்ன சாப்பிட்டாய்?"

"தர்பூசணி, அக்கா."

"நேற்று ராத்திரி?"

"வெள்ளரிக்காய், தக்காளி, கேரட். எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட்டேன். வெயிலுக்கு அதுதானே நல்லது?"

அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, கேழ்வரகுக் கூழைக் கரைத்து, மல்லாட்டைத் துவையலோடு அவள் கையில் கொடுத்தேன். குடித்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. ஆனால் அடுத்த வாரம் அவள் வரவில்லை. "இலைதழையைத் தின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று அவள் அம்மா தயிரைத் திரும்பவும் தட்டில் ஊற்றிவிட்டார். அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. பெண் வாடிப்போவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அவளை வாட்டியது பட்டினி. பழியோ தாவர உணவின் மேல் விழுந்தது. வருடம் தவறாமல் நடக்கும் இந்த அநியாயத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கணக்கு எளிமையானதுதான். தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். வெள்ளரிக்காயில் அதைவிடவும் அதிகம். ஒரு கிலோ தர்பூசணிச் சதையை ஒருவர் ஒரே மூச்சில் சாப்பிட்டாலும் கிடைப்பது ஏறக்குறைய 300 கலோரி, 6 கிராம் புரதம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். இதைத் தர்பூசணியால் நிரப்ப நினைத்தால் ஏழு கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டியிருக்கும்.

இதையே பருப்பில் பாருங்கள். 100 கிராம் பாசிப்பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது, மல்லாட்டையில் 25. மத்தியானமும் இரவுமாக 70 கிராம் பருப்பு, காலையில் 40 கிராம் வறுத்த மல்லாட்டை, நாள் முழுவதற்கும் 250 கிராம் அரிசி அல்லது கேழ்வரகு என்று வைத்தால் தேவை அநேகமாக நிறைந்துவிடும். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் தாராளமாக இருக்கிறது, பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. சோறும் பருப்பும் நம் தட்டில் சேர்ந்தே வந்ததற்குப் பின்னால் இப்படியொரு பொருத்தம் உண்டு.

சூடு, குளிர்ச்சி என்ற பேச்சையும் நான் தள்ளிவிடவில்லை. நம் பாட்டிகளின் கணக்கிலேயே கொள்ளுதான் சூடு. பாசிப்பயறும் உளுந்தும் குளிர்ச்சி. ராமநவமிக்குப் பானகத்தோடு என்ன கொடுக்கிறோம்? ஊறவைத்த பாசிப்பருப்பில் செய்த வடைப்பருப்பு. வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் வரும் பண்டிகைக்கே பருப்புதான் பிரசாதம். அப்படியிருக்கும்போது கோடையில் பருப்பே கூடாது என்பது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

எனவே வெள்ளரிக்காயை விடச் சொல்லவில்லை, அதோடு பருப்பைச் சேர்க்கச் சொல்கிறேன். அடுப்பே அதிகம் கேட்காத கோசுமல்லி போதும். ஒரு கப் பாசிப்பருப்பைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். நகத்தால் அழுத்தினால் பருப்பு இரண்டாக உடைய வேண்டும், மாவாகக் கூடாது. தண்ணீரை ஒட்ட வடித்து, பொடியாக அரிந்த வெள்ளரிக்காய், ஒரு துண்டு துருவிய மாங்காய், இரண்டு கரண்டி தேங்காய்த் துருவல், பச்சைமிளகாய், கொத்தமல்லி சேருங்கள். நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. ஊறிய பருப்பு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் அரைவேக்காடாக வேகவைத்து ஆறவிட்டுச் சேர்க்கலாம். அடுப்பு மூட்ட மனமில்லாத நாளுக்கென்று, துவரம்பருப்பை மிளகாயோடு வறுத்து அரைத்த பருப்புப் பொடி ஒரு புட்டியில் எப்போதும் இருக்கட்டும். சோற்றில் போட்டு நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்தால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு.

பருப்பு வேகும் முன் மாங்காயைப் போடுவது

பருப்பு வேகவில்லை என்ற புகாரில் பாதிக்கு இதுதான் காரணம். புளி, மாங்காய், தக்காளி எதுவானாலும் பருப்பு மசிந்த பிறகுதான். புளிப்பு முந்திக்கொண்டால் பருப்பு எவ்வளவு நேரமானாலும் விறைத்தே நிற்கும். இன்னொரு பாதிக்குத் தண்ணீர் காரணம். கடலோரத்தில் பல தெருக்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமாக இருக்கிறது. அதில் கொண்டைக்கடலையும் காராமணியும் வேகப் பிடிவாதம் பிடிக்கும். குளிப்பதற்கு அந்தத் தண்ணீர் போதும். பயறு ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிதண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிடுவது

பசும்பாலை விட்டவர்கள் தேங்காய்ப்பாலைப் பிடித்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் காய்ச்சுவதும் பசும்பாலைப் போலவே என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் பாலில் காயை வேகவையுங்கள். முதல் பாலை அடுப்பை அணைக்கப்போகும்போது ஊற்றி, விளிம்பில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும்.

இதைவிட முக்கியம் நேரம். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி இந்த வெயிலில் மத்தியானம் வரை தாங்காது. அலுவலகத்துக்குக் கட்டுவதானால் தேங்காய் சாதம் வேண்டாம். எலுமிச்சை சாதமோ புளிச்சோறோ எடுத்துச் செல்லுங்கள். அதையும் தட்டில் பரப்பி, ஆவி அடங்கிய பிறகே மூட வேண்டும்.

வெள்ளரிக்காய்க்கு முன்கூட்டியே உப்பு

சாப்பிட உட்காரும்போது போடுங்கள். இல்லையென்றால் கிண்ணத்தில் தண்ணீர்தான் மிஞ்சும்.

மோருக்குப் பதில் டப்பாப் பால்

கோடையில் மோர் இல்லாமல் எப்படி என்று கேட்டுவிட்டு, நேராகக் கடைக்குப் போய் பாதாம் பால் டப்பாவை வாங்கி வருகிறார்கள். அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பாதாமின் பங்கு எத்தனை சதவீதம், சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்தப் பணத்துக்கு நம் பக்கத்து மல்லாட்டை எவ்வளவோ வாங்கலாம்.

ஒரு கப் மல்லாட்டையை ஆறு மணி நேரம் ஊறவைத்துத் தோலைக் கசக்கி நீக்குங்கள். மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, பச்சை வாசனை போகும்வரை கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஐந்தாறு பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடுங்கள். இரவு உறையிட்டால் விடியும்போது உறைந்திருக்கும். பசுந்தயிரின் கெட்டி இருக்காது, கொஞ்சம் நீர் பிரிந்து நிற்கும், அது இயல்பு. எழுந்ததும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், தாமதித்தால் புளித்துவிடும். இஞ்சி, கறிவேப்பிலை, உப்புச் சேர்த்துக் கடைந்தால் நல்ல மோர்.

பழைய சோறும் மீந்த சோறும் ஒன்று என்று நினைப்பது

பழைய சோறு தண்ணீரில் முழுக்க மூழ்கிப் புளித்த சோறு. மூடி வைத்த பாத்திரத்தில் இரவெல்லாம் புழுங்கிக் கிடந்தது வெறும் மீந்த சோறு. பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்த பிறகும் சாகாது. வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றில் அது பெருகி உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. தாளித்துக் கிளறிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு தண்ணீர் ஊற்றிவிடுங்கள், அல்லது குளிர்பெட்டியில் வையுங்கள். மத்தியானமே தண்ணீர் ஊற்றி மறுநாள் வரை விடுவது மார்கழிக்குச் சரி, கத்திரிக்குச் சரியல்ல. நூல் இழுத்தாலோ புளிப்பு தவிர வேறு வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நல்ல பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயமும் மாவடுவும் இருந்தால் தயிர் நினைவே வராது.

நெய் இல்லை, அதனால் மணமும் இல்லை

நம் ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து இதே வெயிலில் காயவைக்கும் தாளிப்பு வடகம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுச் சமையலறை வரை போய் அங்கே 'வடூவான்' என்ற பெயரில் புழங்குவது இதன் வழிவந்ததுதான். கீரை மசியலிலோ சுரைக்காய்க் கூட்டிலோ ஒரு சிட்டிகை வடகத்தை நல்லெண்ணெயில் பொரித்துக் கொட்டிப் பாருங்கள். தீ மட்டும் சிறியதாக இருக்கட்டும். வெங்காயம் கருகினால் முழுக்கூட்டும் கசக்கும்.

பி12

இந்த வைட்டமின் தாவர உணவில் நம்பகமாகக் கிடைக்காது. பால், தயிரையும் விட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்தே ஆகவேண்டும்.

பலாக்கொட்டையை எறிவது

சித்திரையிலிருந்து ஆடி வரை பண்ருட்டிச் சாலையெங்கும் பலா குவிந்திருக்கும். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் குப்பையில் போடுபவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. மாவும் கொஞ்சம் புரதமும் உள்ள, வயிற்றை நிறைக்கிற பண்டம் அது. கழுவி நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைத்தால் பல வாரம் கெடாது. சமைக்கும்போது வெள்ளைத் தோலை உரித்தால் போதும், உள்ளே இருக்கும் பழுப்புத் தோல் இருக்கட்டும். இரண்டாகக் கீறி வேகவைத்து, முருங்கைக்காயோடு புளிக்குழம்பில் போடுங்கள். மாங்காய் சேர்ப்பதானால் கொட்டை வெந்த பிறகு, கடைசி ஐந்து நிமிடத்தில்.