ஜார்ஜியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கவுண்டியும் அதன் வாக்குக் கணக்கும்

அட்லாண்டா பக்கம் குடிவந்த முதல் மாதத்தில் “எந்த ஊர்?” என்று கேட்பவர்களைவிட “எந்த கவுண்டி?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாலும் கேட்பார்கள், காருக்கு நம்பர் பிளேட் வாங்கப் போனாலும் கேட்பார்கள். பதில் சட்டென்று வராது. முகவரியில் கவுண்டியின் பெயரே இருக்காது.

நான் வந்த புதிதில் “சுவானி” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தபால் முகவரி அப்படித்தான் இருந்தது. சுவானி நகரம் இருப்பது குவின்னெட் கவுண்டியில். நான் வாடகைக்கு இருந்த வீடோ ஃபோர்சைத் கவுண்டி. இது தெரியாமல் பக்கத்து கவுண்டி அலுவலகத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, ஜன்னலை எட்டியதும் “உங்கள் இடம் இது இல்லை” என்று திரும்பி வந்தேன். 30024 என்ற ஒரே ஜிப் கோடு குவின்னெட், ஃபோர்சைத், ஃபுல்டன் மூன்றிலும் கால் வைத்திருக்கிறது. முகவரியில் ‘டுலூத்’ என்று போட்டுக்கொள்பவர் ஜான்ஸ் கிரீக்கில், அதாவது ஃபுல்டனில், இருக்கலாம். ‘ஆல்ஃபரெட்டா’ என்று போடுபவர் ஃபோர்சைத்தில் இருக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கவுண்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி, வரி, காவல் எல்லாமே அதைப் பொறுத்தவை.

நம்மூர்க்காரர்கள் கவுண்டியை மாவட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். பரப்பளவைப் பொறுத்தவரை தாலுகா என்பதே பொருத்தம். அதைவிட முக்கியம், இங்கே கலெக்டர் மாதிரி மேலிருந்து அனுப்பப்படும் ஒருவர் கிடையாது. கவுண்டியை நடத்தும் கமிஷனர்கள், போலீஸ் வேலை பார்க்கும் ஷெரிஃப், வரி வசூலிப்பவர், பள்ளி வாரிய உறுப்பினர்கள், பெரும்பாலான கவுண்டிகளில் சந்தேக மரணங்களை விசாரிக்கும் கொரோனர் வரை எல்லாரையும் மக்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தலை நடத்துவதும் கவுண்டிதான். டெல்லியில் உட்கார்ந்து நாடு முழுவதற்கும் அட்டவணை போடும் தேர்தல் ஆணையம் போல எதுவும் இங்கே இல்லை. கவுண்டி எண்ணுகிறது, சான்றளிக்கிறது, மாநிலச் செயலர் அலுவலகம் அவற்றைத் தொகுக்கிறது.

ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள். 254 கவுண்டிகள் உள்ள டெக்சஸுக்கு அடுத்து, நாட்டிலேயே அதிகம் இங்கேதான். விவசாயி கோவேறு கழுதை வண்டியில் புறப்பட்டு, கவுண்டியின் தலைமை ஊருக்குப் போய் வேலையை முடித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் இப்படிச் சின்னச் சின்னதாக வெட்டினார்கள் என்று இங்கே சொல்வார்கள். 2020 கணக்கெடுப்பின்படி ஃபுல்டனில் 10 லட்சத்துக்கும் மேல் மக்கள். அட்லாண்டாவுக்குக் கிழக்கே டாலிவர் என்று ஒரு கவுண்டி. அங்கே 1,600 பேர்கூட இல்லை. (எழுத்துக்கூட்டிப் படித்தால் தலியாஃபெரோ என்று வரும். அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.)

இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் என்ன ஆகும்? ஜார்ஜியாவில் அதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் ‘கவுண்டி யூனிட்’ என்று ஒரு முறை இருந்தது. 1917-ல் அதற்கெனச் சட்டமே போட்டார்கள். பெரிய கவுண்டிகள் எட்டுக்குத் தலா 6 புள்ளி, நடுத்தரமான முப்பதுக்குத் தலா 4, மீதி 121 சிறிய கவுண்டிகளுக்குத் தலா 2. மூன்று குட்டிக் கிராமக் கவுண்டிகள் சேர்ந்தால் அட்லாண்டா நகரம் மொத்தத்துக்கும் சமம். 1946-ல் ஜேம்ஸ் கார்மைக்கேல் அதிக வாக்கு வாங்கினார். அதிகக் கவுண்டிகளைப் பிடித்த யூஜின் டால்மட்ஜ்தான் ஆளுநர் வேட்பாளரானார். (இங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி. ராஜ்பவன் ஆளுநரை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) பதவியேற்கும் முன்பே டால்மட்ஜ் இறந்துபோக, அடுத்த மாதம் மூன்று பேர் “நானே ஆளுநர்” என்று நின்ற கூத்து தனிக்கதை. 1963-ல் உச்ச நீதிமன்றம் ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்று சொல்லி அந்த யூனிட் முறையை முடித்துவைத்தது.

தேர்தல் இரவில் தொலைக்காட்சி காட்டும் வரைபடத்தைப் பார்க்கும்போது இந்தப் பழைய கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 2020 அதிபர் தேர்தலில் ஜார்ஜியா வரைபடத்தில் 129 கவுண்டிகள் சிவப்பு, 30 மட்டுமே நீலம். சிவப்பு என்றால் குடியரசுக் கட்சி, நீலம் என்றால் ஜனநாயகக் கட்சி. நம்மூர்ப் பழக்கத்தில் செங்கொடி என்று நினைத்தால் அர்த்தமே தலைகீழாகிவிடும். அத்தனை சிவப்பு இருந்தும் வென்றவர் ஜனநாயகக் கட்சியின் பைடன். பதிவான ஏறத்தாழ 50 லட்சம் வாக்கில் வித்தியாசம் 11,779.

ஒரு கவுண்டியை யார் பிடித்தார் என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். எத்தனை வாக்கு வித்தியாசம், போன முறை எத்தனை என்று பாருங்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் இரண்டு கவுண்டிகளையே எடுத்துக்கொள்வோம். குவின்னெட்டில் 2012-ல் குடியரசுக் கட்சியின் ராம்னி ஏறத்தாழ 27,000 வாக்கு முன்னிலை. 2016-ல் கவுண்டி கை மாறி, கிளின்டனுக்கு 19,000 முன்னிலை. 2020-ல் பைடனுக்கு 75,000. எட்டே வருடத்தில் முன்னிலைக் கணக்கு ஒரு லட்சம் வாக்கு அளவுக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இது.

ஃபோர்சைத்தில் நடந்தது வரைபடத்தில் தெரியவே தெரியாது. மூன்று தேர்தலிலும் அழுத்தமான சிவப்புதான். 2012-ல் ராம்னிக்கு 80 சதவீதம், 2016-ல் டிரம்புக்கு 71, 2020-ல் 66. கடைசி முறை அவருக்கு விழுந்த வாக்குகள் கூடின. முன்னிலை மட்டும் 46,000-லிருந்து 43,000-ஆகக் குறைந்தது. மாநில வித்தியாசமே 11,779 என்னும்போது மூவாயிரம் சில்லறை இல்லை. இந்த கவுண்டியிலிருந்து 1912-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை வன்முறையால் துரத்தியடித்தார்கள். 1987-ல் அதை எதிர்த்துப் பெரிய ஊர்வலமே நடந்தது. அதே இடத்தில்தான் இன்று ஆறில் ஒருவருக்கும் மேல் ஆசிய வம்சாவளியினர். ஃபோர்சைத்தின் தலைமை ஊரான கம்மிங்கில் வீடு பார்க்கப் போகும்போது வீட்டுத் தரகர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

அப்புறம், எண்ணும் வரிசை. நம்மூரில் சுற்று சுற்றாக வருவதுபோல இங்கே வருவதில்லை. வாக்குச்சாவடி இரவு 7 மணிக்கு மூடும். முன்கூட்டியே நேரில் வந்து போட்ட வாக்குகள் பெரும்பாலும் முதலில் கொட்டும். 2024-ல் 53 லட்சம் பேரில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் தேர்தல் நாளுக்கு முன்பே போட்டுவிட்டார்கள். சிறிய கவுண்டிகள் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடும். பெரியவை இழுக்கும். 2020-ல் கொரோனாவால் தபால் வாக்கு குவிந்தது. நவம்பர் 3 தேர்தல். 6-ஆம் தேதி விடியும் முன் கிளேட்டன் கவுண்டித் தபால் வாக்குகள் வந்து சேர்ந்தபோதுதான் பைடன் முன்னால் போனார். ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ நடந்துவிட்டது என்று பலர் கொதித்தார்கள். எந்தப் பெட்டி எப்போது திறக்கிறது என்பதுதான் விஷயம். ஆகவே இரவு பத்து மணிக்கு “நம்மாள் ஜெயித்துவிட்டார்” என்று வாட்ஸ்அப் குழுவில் லட்டு படம் போடாதீர்கள்.

அந்த வருடம் எல்லா வாக்குச்சீட்டையும் கையால் மறுபடி எண்ணினார்கள். அப்போதுதான் ஃப்ளாய்ட் கவுண்டியில் 2,600 அளவுக்கு வாக்குச்சீட்டுகள் எண்ணப்படாமலே இருந்தது தெரிந்தது. ஃபேயட்டில் ஒரு மெமரி கார்டைக் கணக்கில் ஏற்ற விட்டுவிட்டார்கள். அதில் 2,755 வாக்குகள். வித்தியாசம் முதலில் சான்றளித்தபோது 12,670, கடைசியாக இயந்திர மறு எண்ணிக்கைக்குப் பின் 11,779. முடிவு மாறவில்லை. தப்பு நடந்தது, தப்பு பிடிபட்டது, இரண்டுமே கவுண்டி அளவில். எனக்கு இந்த முறை மேல் நம்பிக்கை வந்ததே அந்த மூன்று வாரத்தில்தான்.

இன்னொரு விசேஷம்: அதிபர் தேர்தல் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் இங்கே முதலில் வந்தால் மட்டும் போதாது, பாதிக்கு மேல் வாங்க வேண்டும். 2022 நவம்பரில் செனட் இடத்துக்கு ஜனநாயகக் கட்சியின் வார்னாக் 49.4 சதவீதம், குடியரசுக் கட்சியின் வாக்கர் 48.5. வார்னாக் முந்தியும் வெற்றி இல்லை. நான்கு வாரம் கழித்து டிசம்பர் 6-ல் ரன்ஆஃப் என்னும் இரண்டாம் சுற்றுத் தேர்தல் வைத்துத்தான் அவர் ஜெயித்தார். அதே நவம்பரில், அதே வாக்குச்சீட்டில், குடியரசுக் கட்சியின் கெம்ப் 53 சதவீதம் வாங்கி மறுபடி ஆளுநரானார். ஆக, ஒரு கையால் கெம்புக்கும் மறு கையால் வார்னாக்குக்கும் போட்டவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

சரி, வாக்கே இல்லாத நமக்கு இதெல்லாம் எதற்கு? என் பதில் ரயில். சுவானியிலிருந்து அட்லாண்டா நகரத்துக்கு ரயில் ஏன் இல்லை என்று வந்த எல்லாரும் கேட்பார்கள். அட்லாண்டாவின் பொதுப் போக்குவரத்தான மார்டாவின் ரயில் வடகிழக்குப் பாதையில் டோராவில்லோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டினால் குவின்னெட். 1971-ல் மார்டாவுக்கு விற்பனை வரி கொடுக்கலாமா என்று நான்கு கவுண்டிகளில் வாக்கெடுப்பு. ஃபுல்டனும் டிகாபும் சரி என்றன. கிளேட்டனும் குவின்னெட்டும் வேண்டாம் என்றன. காப் அதற்கு முன்பே, 1965-லேயே மறுத்திருந்தது. கிளேட்டன் 2014-ல் மனம் மாறியது. குவின்னெட் 1990-லும் 2019-லும் மறுத்தது. 2020 நவம்பரில் ஒரு போக்குவரத்து வரித் திட்டம் வந்து, நான்கு லட்சம் வாக்குக்கு அருகில் பதிவாகி, ஏறத்தாழ ஆயிரம் வாக்கில் தோற்றது. பைடனுக்கு 75,000 முன்னிலை கொடுத்த அதே நாள், அதே மக்கள்! 2024-ல் மறுபடி வந்தது, மறுபடி தோற்றது. நான் தினமும் 85-ஆம் நெடுஞ்சாலையில் ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு அந்த ஆயிரம் பேர்தான் காரணம் என்று நெரிசலில் நினைத்துக்கொள்வேன். அதிபர் யார் என்பதில் என் அன்றாடம் இந்த அளவுக்கு மாறியதாக நினைவில்லை.

கடையில் பில்லைப் பாருங்கள். மாநில விற்பனை வரி 4 சதவீதம். அதற்கு மேல் இருப்பதில் பெரும்பகுதி, பள்ளிக்கட்டிடத்துக்கு ஒரு சதவீதம், சாலைக்கு ஒரு சதவீதம் என்று கவுண்டி மக்கள் வாக்குப் போட்டு ஏற்றுக்கொண்டது. வீட்டு வரியில் பெரிய பங்கு பள்ளிக்குப் போகிறது. வாடகை வீட்டுக்காரரும் வாடகை வழியாக அதைக் கட்டுகிறார். மின்கட்டணத்தை முடிவு செய்யும் பொதுச் சேவை ஆணையமும் தேர்தலில்தான் அமைகிறது. கட்டண உயர்வில் நொந்திருந்த மக்கள் 2025 நவம்பரில் அதில் போட்டிக்கு வந்த இரண்டு இடங்களையும் 60 சதவீதத்துக்கு மேல் வாக்களித்து ஜனநாயகக் கட்சிக்கு மாற்றினார்கள்.

இனி கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது. ஓட்டுநர் உரிமப் படிவத்தில் வாக்காளர் பதிவு பற்றிய கேள்வி இருக்கும். அவசரத்தில் ‘ஆம்’ என்று தட்டிவிட்டு, குடிமகன் என்ற இடத்திலும் டிக் அடித்துவிட்டால், அது பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகிவிடும். நாடு கடத்தல் வரை போகும். பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் வந்து நிற்கும். கவுன்ட்டரில் இருப்பவர் தானாகவே ஏதாவது தட்டினாலும், கையெழுத்துக்கு முன் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் எந்த வேட்பாளருக்கும் நன்கொடை கொடுக்கக் கூடாது, உள்ளூர்ப் பள்ளி வாரியத் தேர்தலாக இருந்தாலும் சரி. கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம். பள்ளி வாரியக் கூட்டத்துக்கும் கமிஷனர்கள் கூட்டத்துக்கும் யாரும் போகலாம், எழுந்து பேசலாம்.

நடுவர் குழுவுக்கு வரச்சொல்லி கவுண்டியிலிருந்து கடிதம் வந்தாலும் பதற வேண்டாம். உரிமம் வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் நமக்கும் வரும். எனக்கு வந்தபோது இரண்டு நாள் தூங்கவில்லை. கிழித்துப் போடவும் கூடாது, பேசாமல் போய் உட்காரவும் கூடாது. ‘குடிமகன் இல்லை’ என்ற பதிலைக் குறித்து உரிய நாளுக்குள் அனுப்பிவிடுங்கள், நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடியுரிமை வாங்கிய அக்கா, அண்ணன்மார்களுக்கு: பதிவு தேர்தலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே முடிந்துவிடும். கட்சியைப் பதிவு செய்யத் தேவையில்லை. வாக்குச்சீட்டு நீளமாக இருக்கும். மேலே உள்ள பெரிய பெயர்களுக்குப் போட்டுவிட்டு ஓடிவராமல், கடைசிக் கேள்வி வரை போங்கள். ரயிலும் பள்ளியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மாலை 7 மணிக்கு வரிசையில் நின்றால் போதும், வாக்கு உண்டு. வரிசையில் நிற்பவர்கள் பாவம் என்று நீர்மோர்ப் பந்தல் போடும் யோசனை மட்டும் வேண்டாம். 2021-ல் வந்த சட்டப்படி வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் தண்ணீர் பாட்டில் நீட்டுவதுகூடக் குற்றம்.