வீட்டு வாசலில் லோயர் ஆர்ம் மாற்றும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் செந்தூலில் ஒரு தம்பி தன் மைவி காருக்கு லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) மாற்றிக்கொண்டிருந்தார். ஜாக் ஸ்டாண்டு, டயருக்குக் கட்டை எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். ஆனால் கடைசியில், பல வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறைச் செய்யப் போனார். அவசரமாகத் தடுத்தேன்.

சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக இறுக்குவது

ஆர்ம் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ், பேரிங் மாதிரி சுழலாது. போல்ட்டை இறுக்கினால் நடுவிலிருக்கும் இரும்புக் குழாய் அசையாமல் நின்றுவிடும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வழிவிடும். ஜாக்கில் தூக்கிய காரில் ஆர்ம் கீழே தொங்கும். அப்போதே இறுக்கினால், காரை இறக்கியதும் சும்மா நிற்கும்போதுகூட ரப்பர் முறுக்கிலேயே இருக்கும். தாமான் (குடியிருப்பு) சாலையில் உள்ள வேகத்தடை பம்ப் ஒவ்வொன்றும் அதை மேலும் முறுக்கும்.

என் பழைய வீரா காருக்கு இரண்டு பக்கமும் புது ஆர்ம் போட்டேன். ஆறே மாதத்தில் முன்பக்கம் டக் டக் என்று சத்தம். பொருள் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். கழற்றிப் பார்த்தால் ரப்பர் குழாயை விட்டுக் கிழிந்திருந்தது. பொருளில் குறையில்லை, நான் இறுக்கிய விதம்தான் தவறு. மறுபடி ஆர்ம், மறுபடி அலைன்மெண்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது) காசு. இன்றைக்கும் நல்ல புஷ்ஷை இப்படிக் கெடுத்துவிட்டுப் பொருளைத் திட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

போல்ட்டை லேசாகப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிடுங்கள். அப்புறம் டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்), அந்தக் காருக்கான சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அடியில் கை போகவில்லையா? இரண்டு முன் டயருக்கும் அடியில் கனமான பலகைகளை அடுக்கி, அதன்மேல் இறக்குங்கள். ஆர்மின் சக்கரப் பக்க மூட்டான பால் ஜாயிண்ட்டின் நட்டுக்கு இந்தக் கவலை இல்லை, தொங்கும்போதே இறுக்கலாம்.

அப்சோர்பர் தண்டைப் பிளையரால் பிடிப்பது

ஆர்மோடு அப்சோர்பரையும் (குலுக்கலை அடக்கும் குழாய்) மாற்றினால், அதன் மேல் நட்டைத் திருப்பும்போது தண்டும் கூடவே சுற்றும், உடனே கை பிளையரைத் தேடும். அந்தப் பளபளப்பான தண்டில் கீறல் விழுந்தால் ஆயில் சீல் கிழிந்து ஒழுகும். பல அப்சோர்பர்களில் தண்டின் தலையிலேயே அலன் கீ போடக் குழி உண்டு.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றுவது

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் அந்தக் கருவி இல்லாவிட்டால், நட்டு கழன்றதும் ஸ்பிரிங் பாய்ந்து உயிர் போகும். தொடாதீர்கள்.

ஒரு பக்கத்து அப்சோர்பரை மட்டும் மாற்றுவது

ஜோடியாக மாற்றுங்கள்.

அலைன்மெண்ட்டை அடுத்த சம்பளத்துக்குத் தள்ளுவது

அதற்குள் டயரின் ஓரம் தேய்ந்துவிடும். வேலை முடிந்ததும் நேரே கடைக்கு ஓட்டுங்கள்.