மறதிக்கு எங்கே முட்டுக்கொடுப்பது?

நான் உளவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவள். ஒரு காலத்தில் நினைவாற்றலைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தேன். இப்போது என் மாத்திரைகளை நானே நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய வயது. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஞாபகசக்தி வளர என்ன செய்யலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். மொத்தமாக வளர்க்கப் பார்க்காதீர்கள், எந்த இடம் தளர்கிறதோ அங்கே மட்டும் முட்டுக்கொடுங்கள் என்பேன்.

எல்லாமே சேர்ந்து தளர்வதில்லை. உளவியலாளர் வார்னர் ஷாய் 1956-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு, ஏழாண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பச் சோதித்துக்கொண்டே வந்தது. சொல்வளம் அறுபதைத் தாண்டியும் நிலைத்து நின்றது; மனம் வேலை செய்யும் வேகம்தான் முந்திக் குறைந்தது. டொரன்டோவில் நினைவாற்றல் ஆய்வாளர் ஃபெர்கஸ் கிரெய்க் இன்னொன்றைக் கவனித்தார். எந்தக் குறிப்பும் இல்லாமல் மனதிலிருந்து தேடி எடுக்கச் சொன்னால் முதியவர்கள் திணறுகிறார்கள். அதையே கண்ணில் காட்டி "இதுவா?" என்று கேட்டால், இளையவர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

சரி, மாத்திரையிலிருந்து தொடங்குவோம். "மறக்காமல் போடணும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. எப்போது, எங்கே, எதைச் செய்ததும் என்று ஒரு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். என்னுடையது இது: "காலையில் மூக்குக்கண்ணாடியை மாட்டியதும், பக்கத்தில் இருக்கும் மாத்திரை டப்பாவைத் திறப்பேன்." வாய்விட்டுச் சொன்ன பிறகு, கண்ணை மூடி அதை நீங்கள் செய்வதாகவே ஓட்டிப் பாருங்கள். கை எங்கே போகிறது, மூடி எந்தப் பக்கம் திறக்கிறது என்பது வரைக்கும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த உத்தி இது. லிண்டா லியுவும் டெனிஸ் பார்க்கும் இதை அறுபதைக் கடந்தவர்களிடம் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். வீட்டிலேயே குறித்த நேரங்களில் ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும், அதுதான் வேலை. எங்கே, எப்போது பார்ப்போம் என்று சில நிமிடங்கள் கற்பனை செய்தவர்கள், செய்ய வேண்டியதை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தவறாமல் பார்த்தார்கள்.

மணியை நம்பாமல் ஒரு செயலோடு கட்டுவதுதான் இதில் முக்கியம். கண்ணாடி கைக்கு வந்தால் அதுவே நினைவூட்டும். எட்டு மணி அப்படிக் கண்முன் வந்து நிற்காது. மணிக்கணக்கு தவிர்க்க முடியாதென்றால் போனில் அலாரம் வையுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. "போட்டேனா, இல்லையா?" என்ற குழப்பத்துக்குக் கிழமை வாரியாக அறை பிரித்த டப்பா போதும். சந்தேகம் வந்தால் அறையைப் பாருங்கள். ஊகத்தில் இரண்டாவது மாத்திரை வேண்டவே வேண்டாம்.

பெயர்களுக்கு வேறு வைத்தியம். முகமும் பெயரும் தனித்தனியாக நினைவில் இருக்கும். இப்படி இரண்டு விஷயங்களை இணைக்கும் முடிச்சுதான் வயதானால் இளகுகிறது என்று உளவியலாளர் மோஷே நவே-பெஞ்சமின் 2000-இல் சொன்னார். அதனால் முடிச்சில் வேலை செய்யுங்கள். பெயரைக் கேட்டதும் திருப்பிச் சொல்லுங்கள். முகத்தில் கண்ணில் படும் ஒன்றை, புருவமோ சிரிப்போ, அந்தப் பெயரோடு எப்படியாவது கோத்துவிடுங்கள். கோமாளித்தனமாக இருந்தால் இன்னும் நல்லது, வெளியே சொல்லவா போகிறீர்கள்! அப்புறம் பேச்சுக்கு நடுவில் ஒருமுறை, விடைபெறும்போது ஒருமுறை, இரவில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை அந்த முகத்தை நினைத்துப் பெயரை நீங்களே எடுத்துப் பாருங்கள். இடைவெளியை இப்படி நீட்டிக்கொண்டே போவது பெயர்களுக்குப் பலிக்கிறது என்று லாண்டவரும் பியோர்க்கும் 1978-லேயே காட்டிவிட்டார்கள்.

மாத்திரைக்கு மனதில் தேடாதே என்கிறாய், பெயருக்குத் தேடு என்கிறாயே என்று கேட்கலாம். மனதில் பதிந்தே ஆகவேண்டியது எதுவோ அதைத் தேடி எடுத்துப் பழகுங்கள். மற்றதை எழுதி வையுங்கள். என் கணக்கில் எழுதி வைக்க வேண்டியவைதான் அதிகம்.

தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுத்தால் முதல் எழுத்தின் ஒலியை ஒவ்வொன்றாக முயலுங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள். வேறு வேலையில் இருக்கும்போது தானாக வந்து நிற்கும்.

படிவம் நிரப்புவது, வரவு செலவு பார்ப்பது போன்ற தலைவேலைகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான முதியவர்களுக்குக் காலைதான் நல்ல நேரம். லின் ஹாஷர் குழுவின் 1993 ஆய்வும் அதையே சொல்கிறது.

மூளை விளையாட்டுச் செயலிகளுக்குக் காசு கட்ட என் மனம் ஒப்பாது. அதில் பழகியது பெரும்பாலும் அதற்குள்ளேயே நின்றுவிடும். புதிதாக, கொஞ்சம் கடினமாக ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். டெனிஸ் பார்க் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் டிஜிட்டல் புகைப்படமோ துணி ஒட்டுத்தையலோ பிடிவாதமாகக் கற்றவர்களின் நினைவு, கூடிப் பேசிப் பொழுதுபோக்கியவர்களைவிட மேம்பட்டது.

பழகிய பாதையிலேயே வழி தவறுவது, கேட்டதையே சற்று நேரத்தில் மறுபடி மறுபடி கேட்பது, தினமும் செய்யும் வேலையின் வரிசை குழம்புவது, இவற்றுக்கு என் உத்திகள் போதாது. டாக்டரைப் பாருங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், கடையில் நீங்களாக வாங்கியது உட்பட, கையோடு எடுத்துப் போங்கள். சில தூக்க மாத்திரைகளும் அலர்ஜி மாத்திரைகளும்கூட மறதியைக் கூட்டும். தைராய்டு, வைட்டமின் பி12, காது கேட்கும் திறன் ஆகியவற்றையும் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.